நோன்பு வைத்த திருடன்

அத்தியாயம் 5

பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மஹ்ஜூப் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான். அவனுடைய தொழில் வாழ்க்கையில் இது இரண்டாவது முறை. கடை பூட்டியிருந்தது.

"ஹாஜோட பத்து, நமக்குப் பதினொண்ணு," என்றாள் இத்தோ. அவனுடைய மொப்பெட்டின் பின் சீட்டிலிருந்து அவள் இன்னும் இறங்கவில்லை. "நேத்தே சொன்னேன், உஸ்தாத்."

"சொன்னியா?"

"ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் நீங்க உங்க கார்டையே பாத்துக்கிட்டிருந்தீங்க."

அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வருஷக்கணக்காகிவிட்டது. மராக்கேஷில் இன்னமும் யாரையாவது சந்திக்க நேரம் குறித்தால், "பழைய மணியா, புது மணியா?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஹாஜ் பூஷ்தாவை யாரும் கேட்பதில்லை. அவர் கையில் பழைய மணி. கடைச் சுவரிலும் பழைய மணி. புது மணி அவருடைய வாசற்படிக்கு வெளியே நின்றுவிடும்.

மஹ்ஜூப்புக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்த விஷயங்களால் அவனுக்கு என்றுமே உபயோகம் இருந்ததில்லை.

கார்டில் 'மஹ்ஜூப் ஸெரூக், இணையதளத் துப்பறிவாளர்' என்று அச்சடித்திருந்தான். ஐந்நூறு அடித்ததில் நானூற்று எழுபது மீதி. அவனுடைய உதவியாளர் இத்தோவுக்குக் கார்டு கிடையாது. பதினொரு வருஷம் கால் சென்டரில் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரர்களிடம் திட்டு வாங்கியவள். இனி யார் திட்டினாலும் அவளுக்கு உறைக்காது. அவள் சொன்னால் மற்றவர்களுக்கு உறைக்கும்.

ஒரு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். பிறகு ஷட்டர் ஏறியது.

ஹாஜ் பூஷ்தா கனமான மனிதர். மொப்பெட் உதிரிபாகங்களை முப்பது வருஷமாக விற்கிறார். நான்கு வருஷமாக இணையத்திலும் விற்கிறார். தளத்தைக் கட்டிக் கொடுத்தவன் மஹ்ஜூப். அப்படியும் உள்ளே நுழைந்ததும் அவரிடம் ஒரு கார்டை நீட்டினான்.

"எனக்கு வெப்சைட்டும் தெரியாது, வெங்காயமும் தெரியாது, ஸீ மஹ்ஜூப்," என்று மரியாதையாகவே ஆரம்பித்தார். "எனக்கு ஆளுங்களைத் தெரியும். ஆர்டரைத் திருடறது யாருன்னும் தெரியும். அதை எழுத்துல குடுங்க, போதும். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்து அந்தப் பொண்ணு நெஸ்ஹாவை அனுப்பிடுவேன். சங்கத்துலயும் சொல்லிடுவேன்."

சங்கம் என்றால் உதிரிபாகக் கடைக்காரர்கள் சங்கம். அங்கே ஒரு பேர் கெட்டால் இந்த ஊரில் பிரேக் கேபிள் விற்கிற எந்தக் கடையும் அந்த ஆளை உள்ளே விடாது.

"என்ன ஆதாரம்?" என்றான் மஹ்ஜூப்.

ஹாஜ் சுவரைக் காட்டினார். டயர் கம்பெனி கொடுத்த காலண்டர். ஒவ்வொரு வாரமும் ஒரு வரிசை, ஞாயிறில் தொடங்கி சனியில் முடிகிறது. செத்த ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. ஜனவரி நடுவிலிருந்து பக்கம் முழுக்கச் சிவப்பு.

விஷயம் இதுதான். இங்கே ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பொருள் கைக்கு வந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள். அதனால் பாதிப் பேர் விளையாட்டாக ஆர்டர் போடுவார்கள். அனுப்பும் முன் போன் போட்டு, "நிஜமாவே வேணுமா?" என்று கேட்டாக வேண்டும். கடையில் வெகுகாலமாக இருக்கும் நெஸ்ஹாவுக்கு இப்போது அதுதான் வேலை. ஜனவரியில் ஹாஜின் மருமகன் பத்ர் தளத்தில் ஒரு ப்ளக்இன், அதாவது கூடுதல் வேலைக்கான சின்ன நிரல், மாட்டினான். ஒரு மணி நேரத்துக்குள் போன் பேசி உறுதி செய்யாத ஆர்டரை அது தானாகவே ரத்து செய்யும். வாடிக்கையாளருக்கும் சேதி போய்விடும்.

"அந்தக் காவல்காரனை வெச்ச பிறகுதானே திருட்டே வெளியில தெரிஞ்சது," என்றார் ஹாஜ். "பத்துக்கு எட்டு ஆர்டர் சாகுது. ரெக்கார்டைப் பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கு. அவ போனைத் தொடலை. நம்பரை மட்டும் எதிர்க்கடைக்குக் குடுத்திருக்கா. ஆளுங்க நேரா அங்க போறாங்க."

"இது ஊகம்."

"ஊகமா? இங்க பாருங்க." அவர் காலண்டரைப் புரட்டினார். ரமலான் மாதம். ஒரு குறிகூட இல்லை. "நோன்பு மாசம் முழுக்க அவ லீவு. தங்கச்சியோட சேந்து ஷெபாக்கியா இனிப்பு பொரிச்சு விப்பா. வருஷா வருஷம் அப்படித்தான். நம்ம பத்ர்தான் போன் பேசினான். ஒரு ஆர்டர் சாகலை. பெருநாள் முடிஞ்சு அவ திரும்பி வந்த வாரம்." அடுத்த பக்கம். வரிசை முழுக்கச் சிவப்பு. "இதுக்கு மேல என்ன வேணும்?"

மஹ்ஜூப் தாடையைத் தடவினான். யோசிப்பவன் அப்படிச் செய்வான் என்று எங்கோ பார்த்திருந்தான்.

இத்தோ காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். "உஸ்தாத், இந்தத் திருடன் நோன்பு வைக்கிறான்."

"என்ன?"

"ரமலான்ல திருடலையே. நல்ல குடும்பத்துப் பிள்ளை."

ஹாஜ் சிரிக்கவில்லை. மஹ்ஜூப்பும் சிரிக்கவில்லை. அவனுடைய தொழிலில் நகைச்சுவையைத் தனியாகப் பில் போட முடியாது.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். தளத்தில் நாற்பத்து மூன்று ப்ளக்இன்கள் இருந்தன. அவன் ஒப்படைத்தபோது இருந்தது ஆறு. மிச்சம் முப்பத்தேழும் பத்ரின் திருப்பணி. மொழிமாற்றி ஒன்று. அதை நம்பாமல் இன்னொரு மொழிமாற்றி. கையைத் தொட்டால் கைகுலுக்கும் பொம்மை. பனிப்பொழிவு. வெளியே முப்பத்து நாலு டிகிரி வெயில், திரையில் கார்புரேட்டர்கள் மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இது புத்தாண்டுக்குப் போட்டது," என்றார் ஹாஜ். "நிறுத்தத் தெரியலையாம்."

"பாத்தியா?" என்றான் மஹ்ஜூப் இத்தோவிடம். "நான் கட்டுன வீடு கல்லு மாதிரி. வந்து குடியிருக்கறவங்கதான் குப்பை. இந்த நாப்பத்து மூணுல ரெண்டு ஒண்ணையொண்ணு கடிக்குது. எதுன்னு கண்டுபிடிச்சா கேஸ் முடிஞ்சுது."

"நெஸ்ஹா?"

"மனுஷங்க பொய் சொல்லலாம். ப்ளக்இன் சொல்லாது."

இதை அவன் கார்டின் பின்பக்கத்தில் அச்சடிக்க நினைத்து, செலவு கூடும் என்று விட்டிருந்தான்.

உயிருள்ள தளத்தை அறுக்கக் கூடாது. ஒரு நகல் எடுத்து அதை அறுக்க வேண்டும். நகல் எடுத்தான். நாற்பத்து மூன்றையும் அணைத்தான். ஒவ்வொன்றாக ஏற்றினான். ஏற்றும்போதெல்லாம் இத்தோ நகலில் ஒரு ஸ்பார்க் பிளக்குக்கு ஆர்டர் போட்டு, அது சாகிறதா என்று பார்த்தாள்.

நாற்பத்து மூன்று ஸ்பார்க் பிளக். இரண்டு மணி நேரம். ஒன்றும் சாகவில்லை.

"நகல் நல்லா இருக்கு," என்றாள் இத்தோ. "நோயாளியோட போட்டோவுக்கு ஜுரம் பாத்த மாதிரி."

மஹ்ஜூப் நிதானமாக எழுந்து நின்றான். தோற்றுப்போனால் எழுந்து நிற்பது அவன் வழக்கம்.

"ஹாஜ், குற்றவாளி தெரிஞ்சுபோச்சு. பனி."

"எது?"

"இந்தப் பனிப்பொழிவு திரையோட மூச்சை அடைக்குது. ஆர்டர் வர்ற நேரத்துல உறுதி செய்யற ப்ளக்இன் திணறுது. நகல்ல ஆளுங்க இல்ல, அதனால தெரியலை. இப்ப நிஜத்துல நிறுத்தறேன், பாருங்க."

நிறுத்தினான். கார்புரேட்டர்கள் மேல் வெயில் அடித்தது. ஆர்டர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மூவரும் பார்த்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு வரி சிவப்பானது. யாரோ ஒருவர் கேட்ட பிரேக் ஷூ.

"ஒரு மணி நேரம் காத்துட்டுச் செத்திருக்கு," என்று ஹாஜ் படித்தார். "பனி இல்லாமலே."

"இன்னைக்கு நெஸ்ஹாவும் இல்லியே," என்றாள் இத்தோ.

"இன்னைக்கு யாரும் போன் பேசலை. அது கணக்குல வராது." அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். "அஸர் வரைக்கும்தான், ஸீ மஹ்ஜூப்."

தொழுகை முடிந்து வந்தபோது அவருடைய வீட்டிலிருந்து கூஸ்கூஸ் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை. பெரிய மண் தட்டைக் கவுண்டர் மேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். மஹ்ஜூப் பூசணித் துண்டின் பக்கம் இடம் பிடித்தான். ஒரு கேஸ் தோற்கும்போது அவனுக்கு நன்றாகப் பசிக்கும்.

அப்போது நெஸ்ஹா உள்ளே வந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுதிருந்தால் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அஸருக்குத்தானே வரச் சொன்னேன்," என்றார் ஹாஜ்.

"தண்டனைக்கு அஸர். அதுக்கு முன்னாடி விசாரணைன்னு ஒண்ணு இருக்கணுமே."

ஹாஜ் ஒரு கரண்டியை அவள் பக்கம் தள்ளினார். வெள்ளிக்கிழமைத் தட்டுக்கு முன்னால் வந்தவர்களை, யாராக இருந்தாலும், அப்படியே நிற்கவிட அவருக்குத் தெரியாது. அவள் கரண்டியைத் தொடவில்லை.

"என்ன நடக்குதுன்னு சொல்லுங்க, லல்லா," என்று மரியாதையாகக் கேட்டாள் இத்தோ.

"ஆர்டர் வந்தா என் போன்ல ஒரு சத்தம் வரும். சத்தம் அடங்கறதுக்குள்ள வாடிக்கையாளருக்குப் போன் போட்டா ஆர்டர் பிழைக்கும். டீயை ஒரு வாய் குடிச்சிட்டுப் போட்டா செத்துக் கிடக்கும்."

"ரெக்கார்டுல ஒரு மணி நேரம் காட்டுது," என்றார் ஹாஜ். "ஒரு மணி நேரமா டீ குடிச்ச?"

"நான் குடிச்சது ஒரு வாய், ஹாஜ். மிச்ச நேரத்தை யார் குடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது."

மஹ்ஜூப் மெல்லுவதை நிறுத்தினான். நல்ல தடயம் ஒன்று தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது. என்னவென்று தெரியவில்லை. மீண்டும் மென்றான்.

இத்தோ கையைத் துடைத்துக்கொண்டு காலண்டரிடம் போனாள். சிவப்பு மீண்டும் தொடங்கும் வரிசையில் விரலை வைத்தாள்.

"பெருநாளுக்குப் பிறகு என்னைக்கு வேலைக்கு வந்தீங்க, லல்லா?"

"திங்கக்கிழமை."

"முந்தின நாள்?"

"ஞாயித்துக்கிழமையா? பெனி மெல்லால்ல தங்கச்சி வீடு. எண்ணெய்ச் சட்டி கழுவிக்கிட்டிருந்தேன். ரெண்டு பேர் பிடிச்சாலும் தூக்க முடியாது அந்தச் சட்டியை."

"ஹாஜ், இந்த வரிசையோட முதல் கட்டம் எந்தக் கிழமை?"

ஹாஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். முதல் கட்டம் ஞாயிறு. ஒன்பது சிவப்புக் குறிகள்.

"நீங்க வரிசையைப் பாத்தீங்க," என்றாள் இத்தோ. "கட்டத்தைப் பாக்கலை. அன்னைக்கு இவங்க இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாங்க. போன் பேசினது யாரு?"

ஹாஜ் பத்ருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமை ஒன்பது ஆர்டர் செத்துச்சே, என்ன ஆச்சு?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது.

"மாமா, அன்னைக்கு மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதனால?"

"ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் போன் போட்டேன். பாத்தா செத்துக் கிடந்துச்சு. ஒரு மணி நேரம் ஆயிடுச்சுன்னு போட்டிருந்துச்சு. சரி, மேட்ச் சுவாரசியத்துல நேரம் போனது தெரியலை போலன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

ஹாஜ் போனை அணைத்தார். நெஸ்ஹாவைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார்.

"சரி. ஞாயித்துக்கிழமை இவ இல்ல," என்றார். "அப்ப மத்த நாள்? ஒரு நாள் அவன் சோம்பேறித்தனம், மத்த நாள் இவ வேலைன்னு ஏன் இருக்கக் கூடாது? திருடன் யாருன்னு காட்டுங்க, ஸீ மஹ்ஜூப். காட்டலைன்னா அஸர் அஸர்தான்."

எல்லோரும் மஹ்ஜூப்பைப் பார்த்தார்கள். அவன் பூசணியை விழுங்கினான்.

"நிஜமான தளத்துல ஒரு ஆர்டர் போடு," என்றான் இத்தோவிடம். காலையில் முதல் காரியமாகச் செய்திருக்க வேண்டிய வேலை. அதை யாரும் சொல்லவில்லை. இத்தோகூடச் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதுதான் அதிகம் வலித்தது.

அவள் தன் போனிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக் கேட்டாள். நெஸ்ஹாவின் கைப்பையில் சத்தம் வந்தது. யாரும் போனைத் தொடவில்லை. காத்திருந்தார்கள். கூஸ்கூஸ் ஆறிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் ஆனதும் இத்தோவின் போன் அதிர்ந்தது.

அவள் சேதியைப் படித்தாள். "நாங்கள் ஒரு மணி நேரம் முயன்றும் உங்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஆர்டர் ரத்து." நிமிர்ந்தாள். "உஸ்தாத், நாலு நிமிஷத்துல நான் ஒரு மணி நேரம் வாழ்ந்துட்டேன். எனக்கு வயசு கூடுதலாத் தெரியறதுக்கு இனிமே காரணம் கேக்காதீங்க."

மஹ்ஜூப் திரையைப் பார்த்தான். ஆர்டர் வந்த நேரம், இரண்டு ஐம்பது. ரத்தான நேரம், மூன்று ஐம்பத்து நான்கு. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பத்து நான்கு. பிறகு மெல்லத் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

இரண்டு ஐம்பத்து நான்கு.

காலையில் ஒரு மணி நேரம் நடைபாதையில் உட்கார்ந்து காபி குடித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. தடயத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். காசு கொடுத்துக் காபி வாங்கி.

"திருடன் கிடைச்சுட்டான்," என்றான். இந்த முறை எழுந்து நிற்கவில்லை. "உள்ள ரெண்டு வேலைக்காரங்க இருக்காங்க, ஹாஜ். ஒருத்தன் ஆர்டர் பிறந்த நேரத்தை எழுதறான். அவன் பாக்கறது உங்க கடிகாரம், பழைய மணி. இன்னொருத்தன் பத்ர் வெச்ச காவல்காரன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ சுத்தி வந்து, ஒரு மணி நேரம் தாண்டினதையெல்லாம் வெளிய போடறான். அவன் பாக்கறது அரசாங்கத்தோட கடிகாரம், புது மணி."

"அதனால?"

"அதனால உங்க கடைல ஒவ்வொரு ஆர்டரும் பிறக்கும்போதே ஒரு மணி நேர வயசோட பிறக்குது."

நெஸ்ஹாதான் முதலில் புரிந்துகொண்டாள். வாயைக் கையால் மூடினாள்.

"ரமலான்," என்றாள்.

"ரமலான். நோன்புக்கு முந்தின ஞாயிறு அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி பின்னால வெக்குது. ஒரு மாசம் நாடு முழுக்கப் பழைய மணி. ரெண்டு வேலைக்காரனும் சமாதானம். பெருநாள் தாண்டின ஞாயிறு திரும்ப முன்னால. அதே ஞாயிறு ஒன்பது ஆர்டர். இவங்க போனதுக்கும் வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல. கடிகாரம் போச்சு, கடிகாரம் வந்துச்சு."

வருஷம் தவறாமல் நாட்டில் எல்லோரும் செய்கிற காரியம். இந்தக் கடையில் இருந்த நான்கு பேருமே செய்தது. ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹாஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பழைய மணிக்காரனை உள்ள வெச்சது யாரு? பத்ரா?"

"பாக்கறேன்."

ப்ளக்இன் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. நாற்பத்து மூன்றையும் காலையில் தொட்டுப் பார்த்தாயிற்று. ஆனால் இந்த மாதிரித் தளங்களுக்கு ஒரு பின்கட்டு உண்டு. அங்கே ஒன்றை வைத்தால் அது பட்டியலில் வராது. எதை அணைத்தாலும் அணையாது. மஹ்ஜூப் காலையில் எடுத்தது பட்டியலில் இருப்பதற்கு மட்டும் நகல். போட்டோவுக்கு ஜுரம் இல்லாததன் காரணம் அதுதான்.

பின்கட்டைத் திறந்தான். ஒரே ஒரு கோப்பு, பதினோரு வரி. தலையில் ஒரு குறிப்பு இருந்தது. தேதி, நான்கு வருஷத்துக்கு முன்.

'பழைய மணி. ஹாஜுக்காக. இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அப்புறம் சரியாக எழுத வேண்டும். மஹ்ஜூப்.'

அவன் இரண்டு முறை படித்தான். இரண்டாவது முறையும் அதே பெயர்தான் இருந்தது.

இத்தோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே, "காலைல ஹாஜுக்கு ஒரு கார்டு குடுத்தீங்களே. நான் போய்த் திரும்ப வாங்கிக்கவா?" என்றாள்.

அவன் கோப்பின் பெயரை மாற்றி அதைச் செயலிழக்க வைத்தான். "இன்னொரு ஆர்டர் போடு."

"ரெண்டாவது ஸ்பார்க் பிளக். என்கிட்ட மொப்பெட்டே இல்ல."

போட்டாள். நெஸ்ஹாவின் பையில் சத்தம். ஐந்து நிமிடம். பத்து. ஆர்டர் பச்சையாக உட்கார்ந்திருந்தது. நெஸ்ஹா தன் போனை எடுத்து இத்தோவின் எண்ணுக்கு அடித்தாள். எதிரெதிரே நின்றபடியே இருவரும் பேசினார்கள்.

"வணக்கம், லல்லா. ஸ்பார்க் பிளக் ஒண்ணு கேட்டிருந்தீங்க. நிஜமாவே வேணுமா?"

"வேணாம், லல்லா. ஆனா நீங்க கேட்டதுக்கு நன்றி."

நெஸ்ஹா முதல் முறையாகச் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். ஹாஜ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை," என்றார். "அவனை வெச்சது யாரு?"

பத்ர் என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. முப்பத்தேழு குப்பை போட்டவன், முப்பத்தெட்டாவதையும் போட்டிருப்பான். யாரும் பின்கட்டுக்குள் வந்து பார்க்கப் போவதில்லை. மஹ்ஜூப் அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்த்தான். பூசணியைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். எதிரே ஒருத்தி, இப்படி யாரோ ஒருவர் பெயரைச் சொன்னதால்தான் காலையிலிருந்து அழுது முடித்துவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான்," என்றான்.

"நீங்களா?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி. என் பேரைக்கூட எழுதி வெச்சிருக்கேன்."

"உங்களை யாரு செய்யச் சொன்னா?"

"நீங்கதான், ஹாஜ். சைட்டும் பழைய மணியிலதான் ஓடணும், இல்லன்னா எனக்கு சைட்டே வேணாம்னீங்க."

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. அதற்குப் பழைய மணியும் இல்லை, புது மணியும் இல்லை. ஹாஜ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூவரும் காத்திருந்தார்கள். மஹ்ஜூப் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

"லல்லா நெஸ்ஹா, நான் செஞ்ச தப்பு. மன்னிச்சுடுங்க."

"உங்களை எனக்குத் தெரியாதே," என்றாள் அவள். "தெரியாதவங்க செஞ்சா அது மழை மாதிரி. ஹாஜைப் பன்னெண்டு வருஷமாத் தெரியும்."

ஹாஜ் திரும்பி வந்தார். நேராகச் சுவரிடம் போய்க் காலண்டரைக் கழற்றினார். நான்காக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். திரும்பாமலே பேசினார்.

"லல்லா நெஸ்ஹா." காலையில் இல்லாத மரியாதை, லல்லா, வந்துவிட்டது. "நான் வரிசையைப் பாத்தேன். கட்டத்தைப் பாக்கலை. அது என் தப்பு. மனசுல வெச்சுக்காதே. சங்கத்துல நான் இன்னும் வாயைத் திறக்கலை, திறக்கவும் மாட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு."

"எந்த ஒன்பது?"

ஹாஜ் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"ஹாஜ்," என்று மஹ்ஜூப் அவசரமாக உள்ளே புகுந்தான். "அந்தப் பதினோரு வரியை நான் சரியா எழுதினா ரெண்டு மணியையும் வெச்சுக்கலாம். சண்டை வராது."

"நாலு வருஷம் ஆகும்," என்றாள் இத்தோ.

நெஸ்ஹா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "பன்னெண்டு வருஷமா ரெண்டு மணியிலயும் வேலை பாத்திருக்கேன், ஹாஜ். என் வீட்ல ஒண்ணு, இங்க ஒண்ணு. பஸ் ஒண்ணு, கடை ஒண்ணு. நான் திருடின ஒரு மணி நேரம் அதுதான். எந்த ஒன்பதுன்னு யோசிச்சு வைங்க. வீட்டுக்குப் போய் நான் போன் போட்டு உறுதிப்படுத்திக்கிறேன்." வாசற்படியில் நின்றாள். "ஒரு மணி நேரத்துக்குள்ள நீங்க எடுக்கலைன்னா, ரத்து."

போய்விட்டாள். அவளுடைய செருப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது.

ஹாஜ் பூஷ்தா தன் போனை எடுத்து, சத்தம் ஏற்றியிருக்கிறதா என்று பார்த்தார். கவுண்டரில் கண்ணுக்குப் படும்படி வைத்தார். பிறகு மூலையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து வந்து சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போட்டார். அதன் ஒரு கால் குட்டை.

"ஸ்டூலைப் பிடி," என்றார், கடிகார முட்களைப் பார்த்தபடி.

மஹ்ஜூப் மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான்கு வருஷத்தில் அவன் ஹாஜுக்குச் செய்த வேலைகளில், யாருக்கும் கெடுதல் இல்லாதது அது ஒன்றுதான்.